துணைக்கேள்வி நானா பஸ் ஏறிய நாள்

ஊவா மாகாணத்தில் சக்கரம் பூட்டி ஓடிய எல்லாவற்றோடும் ஒரே சமயத்தில் கோபித்துக்கொண்டிருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பஸ்ஸோடு கோபம், லொறியோடு கோபம், வாடகைக் காரோடு கோபம், ரயிலோடு கோபம், கடைசியில் ஒரு மாட்டு வண்டியோடும் மனஸ்தாபம். இத்தனைக்கும் எந்த வண்டியும் அவர்மேல் மோதியதில்லை. அவர்தான் எல்லாவற்றின்மேலும் போய் மோதினார், கேள்வியால்.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது தேர்தல் நேரத்தில் மட்டும் சுவர்களில் தென்படும், மழை வந்ததும் கரைந்துவிடும். மற்ற நாட்களில் ஊர் முழுக்க அவர் ‘துணைக்கேள்வி நானா’. பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற வளைவுப் பாதையில் ஒரு சின்னப் பட்டினம். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பட்டினசபைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறார்கள். அறுபதுகளின் கடைசியில் நானா அந்தச் சபையில் ஓர் உறுப்பினர். கடைத்தெருவில் செருப்புக்கடை. வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம், கையில் எப்போதும் சுருட்டிய குடை. அதை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. மழை பிடித்தால் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவார். கேட்டால், “குடை நனைஞ்சா காயிறதுக்கு நாளாகும் மகன், நான் லேசாக் காஞ்சிருவன்” என்பார்.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் ஒரு கேள்வியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தன்று தலைவர் பதிலை வாசிப்பார். அதன்பிறகு, பதிலில் சந்தேகம் இருந்தால், கேட்டவர் ஒரே ஒரு துணைக்கேள்வி கேட்கலாம். மற்ற உறுப்பினர்கள் அந்த வாய்ப்பை “நன்றி தலைவர் அவர்களே” என்று சொல்லிவிட்டு உட்காரப் பயன்படுத்தினார்கள். நானாவுக்கோ முதல் கேள்வி என்பது வெறும் வாசற்படி. துணைக்கேள்விதான் வீடு.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் அங்கே வரி வசூல் கிளார்க். சபையின் மொழிபெயர்ப்பாளர் பென்ஷன் வாங்கிக்கொண்டு போன அன்று தலைவர் சபை அலுவலகமான கந்தோருக்குள் வந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். எனக்குச் சிங்களமும் தமிழும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். விழுந்த பென்சிலைத் தேடுகிறவன்போல மேசைக்கடியில் குனிந்தேன். குனிந்தவனைத்தான் கூப்பிட்டார்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயந்தால் விக்கல் வரும். மற்றவர்களுக்கு வியர்க்கும், நாக்கு ஒட்டும், முழங்கால் ஆடும். எனக்கு இதெல்லாம் முறைப்படி வந்து முடிந்தபிறகு விக்கலும் வரும். பெண் பார்க்கப் போன இடத்தில் விக்கினேன். “யாரோ நெனைக்கிறாங்கபோல, தண்ணி குடுங்க” என்றார் பெண்ணின் அம்மா. “யாரு நெனைக்கிறது?” என்று கேட்டார் பெண்ணின் அப்பா. அந்தச் சம்பந்தம் அந்தத் தம்ளரோடு முடிந்தது. இப்பேர்ப்பட்டவனைத்தான் தலைவருக்கும் நானாவுக்கும் நடுவில் நிறுத்தினார்கள்.

வேடிக்கை என்னவென்றால் நானாவுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. என்னைவிட அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். கடையில் சிங்களத்தில் பாட்டுப் பாடுகிற மாதிரி பேரம் பேசுவார். ஆனால் சபையில், தலைவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், தமிழ்தான். ஏன் நானா, என் உயிரை எடுக்கிறீங்க என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“சிங்களத்துல வாயத் தொறந்தா எனக்கு யாவாரம்தான் வருது மகன். தலைவர் மொகத்தப் பாத்த ஒடனே, சரி, ஒங்களுக்காகக் கொறச்சுத் தாறண்டு சொல்லிப்போடுவன். செருப்ப வெல கொறைக்கலாம். கேள்விய ஏலாது.”

அதனால் அவர் தமிழில் கேட்பார், நான் சிங்களத்தில் சொல்வேன், அவர் தன் ஆசனத்தருகே நின்று தலையைச் சாய்த்துக்கொண்டு என் சிங்களத்தைப் பரிசோதிப்பார். “நான் கரும்புகைண்டு சொன்னன். நீங்க வெறும் புகைண்டு சொல்றீங்க. கரிய எங்க வுட்டீங்க?” என்று சபை நடுவிலேயே கேட்பார். நான் விக்குவேன். தலைவர் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். சபைக் குறிப்பில் தண்ணீர் குடித்ததைப் பதிவதில்லை என்பதால் என் மானம் சரித்திரத்தில் தப்பியது.

அந்தப் புகைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். காலை பஸ் கடைத்தெரு ஏற்றத்தில் மூச்சிரைத்துக்கொண்டு ஏறும்போது ஒரு கறுப்பு மேகத்தைப் பெற்றுப்போடும். தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். நானாவின் தொப்பி வாரம் முடிவதற்குள் சாம்பல் நிறமாகிவிடும். சபையில் கேட்டார். பஸ் சபைக்குச் சொந்தமானது அல்ல, ஆகவே பதில் சொல்ல இயலாது என்று தலைவர் வாசித்தார். நானா எழுந்தார்.

“ஒரு துணைக்கேள்வி. பஸ் நம்மட இல்ல. சரி. மூக்கு நம்மடயா, இல்லயா?”

தலைவர் நல்ல மனிதர், கோபக்காரர் அல்ல. யாராவது புகழ்ந்தால் முகம் மலர்ந்துபோவார். ஆனால் மூக்கைப் பற்றி அவரிடம் எழுதிவைத்த பதில் இல்லை. ஆராய்ந்து பார்க்கப்படும் என்றார். நானா உட்காராமல், பதில் வரும்வரைக்கும் அந்த பஸ்ஸில் காலை வைப்பதில்லை என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

பதில் வரவில்லை. நானா நடந்தார்.

அடுத்து விறகு லொறிகள். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறும்போது பாலம் முனகுவது தன் கடைவரைக்கும் கேட்கிறது என்றார். பதில் இல்லை, லொறியோடு உறவு முறிந்தது. ஆஸ்பத்திரி வளைவில் ஹோர்ன் அடிக்கிற வாடகைக் கார்களைக் கேட்டார், காரோடும் முறிந்தது. ஏற்றத்தில் அடி வாங்குகிற ஒற்றை மாட்டுக்காகக் கேட்டார். அந்த மாட்டு வண்டியின் சொந்தக்காரர் நானாவின் மச்சான். அந்த வருஷப் பெருநாளுக்கு இரண்டு வீட்டுக்கும் இடையே வட்டிலப்பம் போகவுமில்லை, வரவுமில்லை.

ரயிலைப் பிரிந்ததுதான் அவருக்குப் பெரிய துக்கம். ரயில்மேல் அவருக்கு உயிர். அவருடைய நெடுநாள் யோசனையே, தேயிலைப் பெட்டிகளையெல்லாம் பதுளை ஸ்டேஷனுக்கு அனுப்பி ரயிலில் ஏற்றிவிட்டால் இத்தனை லொறி மலையை மிதிக்க வேண்டாம் என்பதுதான். “மலையும் ஒரு சீவன்தானே மகன். ஒரு நாளைக்கி எத்தன பேர்தான் மிதிப்பாங்க?” இதையும் கேட்டார். ரயில் விஷயம் சபைக்கு எட்டாத உயரம் என்று பதில் வந்தது. வராத பதிலும் உதவாத பதிலும் ஒன்றுதான் என்று முடிவுகட்டி, கண் கலங்க ரயிலையும் விட்டார். பண்டாரவளையில் சகோதரி மகளின் கல்யாணத்துக்கு நடந்தே போனார். போய்ச் சேர்ந்தபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை யாரோ செருப்பு விற்க வந்த ஆள் என்று நினைத்து, வேண்டாம் என்று கையை ஆட்டினாராம்.

ஒருமுறை தலைவர் கிண்டலாக, எல்லாரும் நடந்தால் யாருடைய கடைக்கு லாபம் என்று கேட்டார். சபையே சிரித்தது. நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் நானா பதில் சொல்லிவிட்டார். “நடக்கிறது நான் ஒருத்தன்தான். தேயிறது ஏன்ட கடச் செருப்புத்தான்.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் ராக்கம்மா கடைக்கு வந்தது. பட்டினத்தின் எல்லை முடிகிற இடத்தில் ரோட்டுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயம் இருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்கள். ரோட்டுக்கும் லயத்துக்கும் நடுவே செங்குத்தான மண்மேடு. அந்த மேட்டைப் பெரிய வாகை மரங்கள் வேரால் பிடித்துவைத்திருந்தன. ராக்கம்மா அந்த லயத்தில் கடைசிக் காம்பரா. கொழுந்து எடுக்கிற பெண். வாய் கொஞ்சம் நீளம், சிரிப்பு அதைவிட நீளம். நானும் அப்போது கடையில் இருந்தேன்.

“நானா, ரோட்டுமேட்டு மரத்துக்கெல்லாம் வெள்ளப் பொட்டு வச்சிட்டுப் போயிருக்காங்க. நம்ம பக்கம் பொட்டு வச்சா கல்யாணம். இவங்க பக்கம் என்னாங்க?”

நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். லொறிகளுக்கு வசதியாக வளைவை அகலிக்கப் போகிறார்கள், மேட்டிலிருந்து பாலம்வரை வெள்ளைப் பொட்டு வைத்த மரமெல்லாம் போய்விடும் என்பது கந்தோரில் எல்லாருக்கும் தெரியும்.

“வெட்டுறதுக்கு,” என்றேன்.

ராக்கம்மாவின் சிரிப்பு நின்றது. “எங்க காம்பராவுக்குப் பின்சொவருன்னு சொல்லிக்க ஒண்ணுமில்லீங்க. அந்த வேருதான் சொவரு. மழ பேஞ்சா நான் புள்ளைகள முன்வாசல்ல படுக்கப்போட்டுட்டு, மேட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன். மரம் இருக்குதுன்னு ஒரு தைரியம். அதையும் வெட்டிட்டா?”

நானா கேள்வி கொடுத்தார். வளைவு மரங்களை வெட்டப் போவது உண்மையா, உண்மையென்றால் கீழே உள்ள லயத்துக்கு என்ன வழி. தலைவருக்கு ஆச்சரியம். என்னைத் தனியாக அழைத்து, லயத்து ஆட்களுக்குத்தான் ஓட்டே இல்லையே, இந்த மனிதர் யாருக்காக மெனக்கெடுகிறார் என்று கேட்டார். உண்மைதான். அந்தக் காலத்தில் லயத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குடியுரிமை இல்லாமல், எந்த நாட்டுக்கும் கணக்கில் இல்லாதவர்கள். அவர்களுக்காக ஒரு கேள்வி கேட்டால் ஒரு ஓட்டும் திரும்பி வராது. நான் நானாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு செருப்பைத் துடைத்துக்கொண்டே, ஓட்டு கேட்கத் தேர்தல் இருக்கிறது, கேள்வி கேட்கத்தான் சபை என்றார்.

சபையில் இன்னொரு விதி. கேள்வியை அழைக்கும்போது கேட்டவர் ஆசனத்தில் இல்லாவிட்டால் கேள்வி செத்துப்போகும். மறுபடி கொடுத்து, மறுபடி அதை அழைக்கும்போது அடுத்த கூட்டம் வந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு முன்பே மரம் அறுக்கிற வாள்காரர்கள் வந்துவிடுவார்கள். அன்றைக்கு விட்டால் மரம் இல்லை. ராக்கம்மாவின் சுவர் இல்லை.

கூட்ட நாள் காலையில் மழை கொட்டியது. லயத்திலிருந்து நாலைந்து பெண்கள் பெரட்டு என்கிற காலை ஆள்கணக்குக்குப் போகாமல், ஒருநாள் பேரையும் கூலியையும் இழந்து, ஈரச் சேலையோடு வந்து பொதுமக்கள் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ராக்கம்மாவைக் காணவில்லை. நானாவின் நாற்காலி காலி.

பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். “நானா விடியவே லயத்துக்கு வந்துட்டாருங்க. ராக்குவக் கூட்டிக்கிட்டு மேட்டைச் சுத்திச் சுத்திப் பாக்குறாரு” என்றாள். நானாவின் கொள்கை எனக்கு நினைவு வந்தது. நேற்றுப் பார்த்ததைப் பற்றி இன்று கேள்வி கேட்கக்கூடாது, அது நேற்றைய மீன் மாதிரி என்பார். ஆனால் லயத்திலிருந்து பட்டினத்துக்குக் குறுக்குப்பாதையில் நடக்க வேண்டும். அந்தப் பாதையில் மண் சரிந்து கிடப்பதாக அந்தப் பெண்ணே சொன்னாள். அவர்கள் தாண்டி வந்த கையோடு பின்னால் சரிந்ததாம். சுற்றுப்பாதையில் நடந்தால் பகல் சாப்பாட்டுக்குத்தான் வந்து சேரலாம். வண்டியில் ஏறலாம். ஆனால் எந்த வண்டியில்? எல்லாவற்றோடும் கோபம்.

முதல் விக்கல் அப்போது வந்தது.

கூட்டம் தொடங்கியது. முதலில் ஒரு வடிகான் தீர்மானம். தலைவர் சிங்களத்தில் இரண்டு வரி சொன்னார். சபையில் தமிழ் உறுப்பினர் இன்னொருவரும் உண்டு, மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர். ஆசனத்தில் அமர்ந்ததும் தூங்கிவிடுவார். தூங்கினாலும் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியது விதி. அந்த விதியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வடிகானை அதன் ஊற்றிலிருந்து ஆரம்பித்தேன். எந்தக் கடைக்குப் பின்னால் பிறக்கிறது, எங்கே வளைகிறது, எந்தெந்த வாசனையைச் சேர்த்துக்கொள்கிறது, யார் யார் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று ஆறு போய்ச் சேரும்வரை வர்ணித்தேன். பெரியவர் குறட்டை விட்டார். தலைவர் சந்தேகத்தோடு, தான் சொன்னது இரண்டே வரி அல்லவா என்று கேட்டார். தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை, சேர் என்றேன். விக்கினேன்.

அடுத்தது கேள்விகள். தலைவர் தாளைப் புரட்டினார். நானாவின் கேள்விதான் முதலாவது. வாயைத் திறக்கப்போகிறார். அந்த நேரம் என் வாய் என் அனுமதியில்லாமல் திறந்தது.

“சேர், அனுதாபத் தீர்மானம்.”

சபையில் முன்பு வேலை செய்த ரோட்டு ஓவசியர் ஒருவர் போன மாதம் காலமாகியிருந்தார். தலைவருக்கு அவரைப் பிடிக்காது, அதனால் சௌகரியமாக மறந்திருந்தார். செத்தவர் பெயரைச் சபையில் சொன்னபிறகு மறக்க முடியாது. வேண்டா வெறுப்பாக எழுந்து மூன்று வரி சொன்னார். நான் பெஞ்சுப் பக்கம் திரும்பி மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். இந்த ரோட்டை வெட்டிய மகராசன், விக், நம்மை விட்டுப் போய், விக், போய்விட்டாரே, விக்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது பயத்தில் வந்த விக்கல். ஆனால் பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது தேம்பல். ஒரு கந்தோர் உத்தியோகத்தர் நின்றபடி தேம்புகிறார், பெண்டுகள் நாலு பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்றால் லயத்துப் பக்கத்தில் அதைவிடக் கேவலம் இல்லை. செத்தவரை அவர்களுக்குத் தெரியாது. அதனால் என்ன. ஒருத்தி மெல்ல இழுத்தாள்.

“ரோட்டப் போட்ட ராசாவே, நீங்க
போட்ட ரோட்ட விட்டு எந்த
ரோட்டுவழி போனீகளோ...”

மற்றவர்கள் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டார்கள். ஒப்பாரி மண்டபத்தை நிறைத்தது. தூங்கிய பெரியவர் திடுக்கிட்டு விழித்து, யார் என்று கேட்காமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் உட்கார முடியாமல் நின்றார். மற்ற உறுப்பினர்களும் நின்றார்கள். ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தச் சொல்லுகிற தைரியம் எந்தத் தலைவருக்கும் கிடையாது. ஓவசியரின் ரோடு, ஓவசியரின் குடை, ஓவசியரைப் பெற்ற வயிறு என்று அது போய்க்கொண்டே இருந்தது. இடையிடையே நான் விக்கினேன். ஒவ்வொரு விக்கலுக்கும் அவர்கள் ஒரு அடி கூட்டிப் பாடினார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அந்த ஓவசியருக்கு இவ்வளவு மரியாதை நடந்ததே இல்லை.

அப்போதுதான் வெளியே அந்த இருமல் சத்தம் கேட்டது. ஊருக்கே தெரிந்த காலை பஸ்ஸின் இருமல். மழைக்குத் தாமதமாக வந்துகொண்டிருந்தது. அது கந்தோர் வாசலில் நின்றதும், கதவைத் தள்ளிக்கொண்டு நானா உள்ளே வந்தார். தலைமுதல் கால்வரை நனைந்து, குடை மட்டும் காய்ந்து. பின்னால் ராக்கம்மா.

எல்லாரும் எழுந்து நிற்பதையும் பெண்கள் அழுவதையும் பார்த்து அவர் முகம் வெளுத்துப்போனது. என் காதருகில் வந்து, “யாரு மகன் மௌத்தானது? கேள்வியா?” என்றார்.

விக், என்றேன் நான்.

பஸ்ஸில் நடந்ததை ராக்கம்மா பிறகு சொன்னது. சரிந்த பாதையைப் பார்த்ததும் நானா சுற்றுப்பாதையில் ஓட ஆரம்பித்திருக்கிறார். பின்னாலேயே பஸ் வந்திருக்கிறது. இவர் திரும்பியே பார்க்கவில்லை. ராக்கம்மா சாரத்தைப் பிடித்து இழுத்து, “நானா, ஒங்க சபதம் பெருசா, எங்க சொவரு பெருசா?” என்று கேட்டிருக்கிறது. அவர் திரும்பி நின்று பஸ்ஸில் ஏறியிருக்கிறார். கொண்டக்டர் அவருக்கு முன் ஆசனத்தைக் காலிசெய்து கொடுத்திருக்கிறார். நானா உட்காரவில்லை. “ஏறினது ஒரு பிழ. குந்தினா ரெண்டு பிழ” என்று சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாராம். பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். அதைத்தான் ராக்கம்மா பெரிய விஷயமாகச் சொன்னது.

தலைவர் கேள்வியை அழைத்தார். கேட்டவர் இருந்தார். தலைவர் பதிலை வாசித்தார். வீதி அபிவிருத்தி அவசியம், நிபுணர்கள் பார்த்திருக்கிறார்கள், லயம் பட்டின எல்லைக்கு வெளியே இருக்கிறது, அங்கே வாக்காளர் எவரும் இல்லை, ஆகவே இந்தச் சபை அதுபற்றி யோசிக்க முகாந்திரம் இல்லை.

நானா எழுந்தார். “ஒரு துணைக்கேள்வி. மண்ணு சரியக்கொள்ள, ஓட்டு ஈக்கிற ஆளா, இல்லாத ஆளாண்டு பாத்தா சரியும்?”

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். விக். தண்ணீர் குடித்தேன். விக். மூச்சைப் பிடித்தேன், மூக்கைப் பிடித்தேன், நாற்காலியைப் பிடித்தேன். என்னிடமிருந்து ஒரு சிங்களச் சொல்கூட வரவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கேள்வி விளங்கவில்லை, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார். பெஞ்சில் ராக்கம்மா எழுந்து நின்றுவிட்டது. அதற்குச் சிங்களம் தெரியாது. ஆனால் தலைவர் தாளைப் புரட்டுவது தெரிந்தது.

நானா என்னைப் பார்த்தார். ராக்கம்மாவைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சபையில் முதல் தடவையாகச் சிங்களத்தில் பேசினார்.

அவர் பயந்தது சரிதான். இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் மாறிவிட்டது. அது உறுப்பினரின் குரல் அல்ல, கடைக்காரரின் குரல். மஹத்தயா, முழு வளைவும் உங்களுக்கு எதற்கு என்றார். தலைவரும் அவருடைய கடையில் செருப்பு வாங்குகிறவர்தான், பழக்கதோஷத்தில் அவரும் இறங்கிவிட்டார். முழு வளைவும் இல்லாமல் லொறி திரும்பாது என்றார். பாலத்துப் பக்கம் கீழ்வளைவை எடுத்துக்கொள்ளுங்கள், லயத்துக்கு மேலே உள்ளதை விட்டுவிடுங்கள் என்றார் நானா. பாதியை விடுகிறேன் என்றார் தலைவர். பாதி வேர் பாதிச் சுவரைத்தான் பிடிக்கும், மஹத்தயா பாதிச் செருப்பு வாங்குவீர்களா என்றார் நானா. உறுப்பினர்கள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். நானா உடனே குரலைத் தாழ்த்தி, மஹத்தயாவுடைய வார்த்தைக்கு ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது, இந்தப் பெண்கள் வேலையை விட்டு அதை நம்பித்தான் வந்திருக்கிறார்கள், முதல் போணியில் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றார்.

தலைவர் பெஞ்சைப் பார்த்தார். அழுத கண்களோடு பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஓவசியருக்காக அழுத கண் என்பது அவருக்கு மறந்தே போயிருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. சரி, லயத்துக்கு மேலே உள்ளதைத் தொட வேண்டாம், கீழ்வளைவு மட்டும் என்றார். அதுதான் கடைசிப் பேச்சு என்றும் சொன்னார். கடையிலும் அப்படித்தான் சொல்வார்.

பெரியவர், முழுக்க விழித்திருந்த அந்த ஒரே நாளில், அதை வழிமொழிந்தார்.

நானா பெஞ்சுப் பக்கம் திரும்பி, “ஒங்கட மேட்டு மரத்த வெட்ட மாட்டாங்களாம். போய் வேலயப் பாருங்க” என்று தமிழில் சொன்னார். ராக்கம்மா அவர் சொல்வதை நம்பாமல் என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். அது அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. இந்தத் தடவை அழுகை சொந்த அழுகை, சத்தமே இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் நானா கந்தோர் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார். வெற்றிபெற்ற முகம் இல்லை. என் விக்கல் அப்போதுதான் நின்றிருந்தது. என்ன நானா என்றேன்.

“வித்துட்டன் மகன்.”

ராக்கம்மா பக்கத்தில் வந்து, “என்னத்த வித்தீங்க?” என்றது.

“கீழ்வளைவு மரத்த. கேக்க வந்தது முழு வளைவையும். சிங்களத்துல வாயத் தொறந்தன், பாதிய அள்ளிக் குடுத்துட்டன்.”

“எங்க சொவர வாங்கிட்டீங்கல்ல. பொறகென்ன. சுத்த யாவாரிதான் நீங்க.”

நானா சிரிக்க முயன்றார். பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கே மழையில் வாகை மரங்கள் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே லயம் இல்லை, யாருடைய சுவரும் இல்லை, கேட்க வர ஒரு ராக்கம்மாவும் இல்லை. திங்கட்கிழமை வாள் வந்தது. அவர் கடையை அடைத்துவிட்டுப் போய்ப் பாலத்தடியில் நின்றாராம். வாள்காரர்கள் வேலைக்கு நடுவில் அவருக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்தார்களாம், குடித்தாராம்.

மேட்டு மரங்கள் நின்றன. தலைவர் கொஞ்ச நாளில் அதைத் தன் சொந்த யோசனை என்றே நம்ப ஆரம்பித்தார். தீபாவளிக்கு லயத்துப் பெண்கள் அவர் வீட்டுக்கு முறுக்கும் வெற்றிலையும் கொண்டுபோனபோது, மரத்தின் அருமை பற்றி அவர்களுக்கே விளக்கிச் சொன்னாராம். பதுளை தொடங்கி பசறை வரைக்கும் அவருக்கு மரம் வளர்த்தவர் என்று பெயர்.

நானா அதன்பிறகு அந்தச் சபை இருந்தவரைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே கேள்வியைக் கொடுத்தார். பாலத்துப் பக்கம் வெட்டிய மரங்களுக்குப் பதிலாக எப்போது கன்று நடப்படும். தமிழில்தான் கேட்டார். ஆராயப்படும் என்று தலைவர் ஒவ்வொரு முறையும் வாசித்தார். துணைக்கேள்வி இருக்கிறதா என்றால் நானா தலையாட்டுவார், இல்லையென்று. அது கேள்வி அல்ல, மன்னிப்பு என்று நான் நினைக்கிறேன். யாரிடம் என்றுதான் எனக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி வரும்போது மட்டும் நான் என் மேசையிலிருந்து எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றுகொள்வேன். நிற்க வேண்டிய அவசியமே இல்லை. மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்தபடியே பேசலாம் என்றுதான் விதி.